நாக்கு மட்டுமா குற்றவாளி?

உடம்பு பெருத்த மனிதனைக் கண்டால் உபதேசம் செய்வதற்கு நம் நாட்டில் யாரும் கூச்சப்படுவதில்லை. ஏழையைப் பார்த்து, "ஏனய்யா ஏழையாக இருக்கிறாய்?" என்று கேட்க நமக்கு நா எழாது. காசநோய்க்காரனைப் பார்த்து, "நீயே வரவழைத்துக்கொண்டாய்" என்று சொல்லத் தயங்குவோம். ஆனால் பருமனாக இருக்கிறவரிடம் மட்டும், கல்யாணப் பந்தியிலும் சரி, பஸ் நிறுத்தத்திலும் சரி, முன்பின் தெரியாதவர்கள்கூட, "கொஞ்சம் வாயைக் கட்டுங்கள், சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்படிச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. சொல்கிறவன் அந்தக் கணத்தில் சந்நியாசியாகிவிடுகிறான், கேட்கிறவன் குற்றவாளியாகிவிடுகிறான்.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். நான் வைத்தியன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று விசாரிப்பதுதான் கதைக்காரனின் தொழில். "அவனுக்கு மனவுறுதி போதவில்லை" என்ற ஒரே வரியில் ஒரு பாத்திரத்தின் வாழ்க்கையை முடித்துவைத்தால், எந்தப் பத்திரிகாசிரியரும் கதையைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு கதைக்கே போதாத காரணம் ஒரு நாட்டின் வியாதிக்கு எப்படிப் போதும்?

வியாதி என்று தெரிந்துதான் சொல்கிறேன். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடையோடு இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தது. 31 என்பது 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28 என்பது 37 ஆகிவிட்டது. அந்தக் கணக்கெடுப்பிலேயே இந்தியா முழுவதற்கும் பார்த்தால் பெண்கள் 24, ஆண்கள் 23தான். ஐந்தாறு வருஷங்களுக்குள் நூற்றுக்கு ஒன்பது பெண்களுக்கும் ஒன்பது ஆண்களுக்கும் ஒரே சமயத்தில் மனவுறுதி தளர்ந்துவிட்டதா? ஒருவன் வழுக்கி விழுந்தால் அவன் காலைப் பார்க்கலாம். தெருவே வழுக்கி விழுந்தால் தரையைப் பார்க்க வேண்டாமா?

தரையைப் பார்க்க நான் திருப்பூருக்குப் போகச் சொல்வேன். உலகத்தின் உடம்பளவு தெரிந்த ஊர் அது. உள்நாட்டுக் கடைகளுக்குப் போகும் பனியனில் 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டர் கணக்கில் முத்திரை போடுகிறார்கள். கப்பலேறும் சட்டைகளில் எஸ், எம், எல், எக்ஸ்.எல். என்று துணுக்கு தைக்கிறார்கள். எக்ஸுக்கு மேல் எக்ஸாக அது நீண்டுகொண்டு போகிறது. வைத்தியர்களும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நம்மவர்களில் ஆணின் இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டரையும், பெண்ணின் இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் ஆபத்து என்பது அவர்கள் கணக்கு. பனியனில் அந்த எண்கள் மார்புக்கு, வைத்தியரிடம் இடுப்புக்கு. ஊரார் உடம்பையெல்லாம் அளந்து தைக்கிற தொழிலாளியின் இடுப்பு என்ன அளவுக்குப் போகிறது என்பதை மட்டும் அந்த ஊரில் யாரும் அளப்பதில்லை.

அந்தத் தொழிலாளியின் ஒரு நாளைப் பாருங்கள். காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் போகிறார். அங்கே பனியன் தைக்கும் இடத்துக்குக் கம்பெனி என்றுதான் பெயர். ஆர்டர் அவசரமென்றால் 'ஒன்றரை ஷிப்ட்'. அதாவது இரவு எட்டரை வரை. 'ஓவர்லாக்' டெய்லராக இருந்தால் நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் தையல் இயந்திரத்தைக் காலாவது மிதித்தது. இன்று மோட்டார் ஓட்டுகிறது. 'செக்கிங்' பெண்ணாக இருந்தால் ஓரிடத்தில் நின்றே இருக்க வேண்டும். முற்பகலில் டீ வரும், கூடவே போண்டாவோ பன்னோ வரும். மத்தியானம் ஒரு டப்பா சோறு. சாயங்காலம் மறுபடி டீ, மறுபடி எண்ணெயில் பொரித்த ஏதோ ஒன்று. பசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மணி அடிக்கிறது, சாப்பிட வேண்டும். எட்டரைக்கு வெளியே வந்தால் லைன் வீட்டின் ஒற்றை அறையில் அடுப்பு மூட்ட உடம்பில் தெம்பு இல்லை. முக்குக் கடையில் கல் காய்ந்துகொண்டிருக்கிறது. மைதாவும் எண்ணெயும் சேர்ந்த புரோட்டா பத்து நிமிஷத்தில் பசியை அடக்கிவிடும். தின்றுவிட்டுப் படுத்தால், விடிந்ததும் மீண்டும் எட்டரை.

வள்ளுவர் 'மருந்து' என்ற 95ஆம் அதிகாரத்தில் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார். முன்பு உண்டது செரித்துவிட்டதா என்று பார்த்து, நன்றாகப் பசித்த பிறகு, அளவறிந்து உண்ணச் சொன்னார். அருமையான வைத்தியம். ஆனால் அது தன் நேரம் தன் கையில் இருக்கிறவனுக்குச் சொன்ன வைத்தியம். மணியடித்துச் சாப்பிடுகிறவன், இருக்கையை விட்டு எழுந்தால் பீஸ் கணக்குக் குறையும் என்று பயப்படுகிறவன், பசித்துப் புசிப்பது எப்படி? அவனுடைய நாக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால், அவனுடைய நேரத்தை எடுத்துக்கொண்டவர்களை ஏற்ற வேண்டும்.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பழி யாருக்கு என்ற கேள்விக்குத் திருப்பூரே ஒரு முறை விடை சொல்லியிருக்கிறது.

நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிருக்கும் ஆகவில்லை, மாட்டுக்கும் ஆகவில்லை. அப்போது யாராவது, "இந்த மீன்களுக்குக் கட்டுப்பாடு போதாது, சாயத் தண்ணீரைக் குடிக்காமல் இருந்திருக்கலாம்" என்று சொன்னார்களா? "விவசாயி பாத்திக்குத் தண்ணீர் விடும்போது யோசித்திருக்க வேண்டும்" என்று உபதேசித்தார்களா? இல்லை. கழிவை விட்டவன் யார் என்று கேட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாதபடி சுத்திகரித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்றாயிற்று. பட்டறைக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள்; சர்க்கார் வட்டியில்லாத கடன் கொடுத்தது. கஷ்டம் இருந்தது, நஷ்டம் இருந்தது, தொழில் அழிந்துவிடவில்லை. ஆற்று நீருக்குப் பொருந்திய நியாயம் மனித ரத்தத்துக்குப் பொருந்தாதா? கண்டதைக் கொட்டியவன் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி, வாய்க்காலுக்கு உண்டு, வாய்க்கு இல்லையா?

சரி, கொட்டியவர்கள் யார்? ஒருவர் அல்ல.

முதல் பங்கு வேலை நேரத்தை நீட்டியவர்களுக்கு. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையிலேயே, தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலையைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட இடம் தரும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, சில நாட்களிலேயே நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் சட்டமாக வராத அந்தப் பன்னிரண்டு மணி நேரம், வழக்கமாகத் திருப்பூரில் என்றோ வந்துவிட்டது. எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடக்காதபோது, ஒன்றரை ஷிப்டைத் தொழிலாளியே விரும்பிக் கேட்கிறான் என்கிறார்கள். மூழ்குகிறவன் விரும்பித்தான் வைக்கோலைப் பிடிக்கிறான்!

இரண்டாவது பங்கு சர்க்காருக்கு. பட்டினியை ஒழிக்க இந்த ராஜ்யம் செய்த காரியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி வந்தது. அடுப்பெரியாத வீடுகளில் அடுப்பெரிந்தது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பும் பாமாயிலும் மலிவு விலைக்கு வந்தன. ஆனால் பட்டினிக்கு எழுதிய மருந்துச் சீட்டையே பருமனுக்கும் நீட்டிக்கொண்டிருக்கலாமா? இருபது கிலோ அரிசிக்கு ஒரு கிலோ பருப்பு என்பது என்ன விகிதம்? கூடையில் மாவும் எண்ணெயும் நிரம்பி, பருப்பு ஓர் ஓரத்தில் கிடந்தால், வயிறு நிறையும், ரத்தம் நிறையாது. அதே 2019-21 கணக்கெடுப்பு தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை என்கிறது. பருமன் 40, சோகை 53. இரண்டையும் கூட்டினால் தொண்ணூற்று மூன்று. அப்படியானால் பருத்த உடம்பு வேறு, சோகை பிடித்த உடம்பு வேறு என்று பிரித்துவிட முடியுமா? ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கலாம், இருக்கவும் செய்கிறது. பருமன் என்பது தின்று கொழுத்தவர்களின் வியாதி என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

மத்திய சர்க்காரின் காரியம் இன்னும் வேடிக்கை. 2025 பிப்ரவரியில் பிரதம மந்திரி வானொலியில் பேசி, சமையல் எண்ணெயைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டார். நல்ல வார்த்தை. அதே வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி முதல் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், பாக்கெட்டில் அடைத்த மிக்சர் வகையறா ஆகியவற்றின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி ஐந்து சதவீதமாகக் குறைந்தது. குடிமகனுக்கு உபதேசம், பாக்கெட்டுக்குச் சலுகை. வாயைக் கட்டு என்று ஒரு கை சைகை செய்கிறது. இன்னொரு கை ஊட்டுகிறது. சோடாக் கலர்களுக்கு நாற்பது சதவீத வரி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்த நியாயம் பாட்டிலோடு ஏன் நின்றுவிட்டது என்பதுதான் என் கேள்வி.

மூன்றாவது பங்கு பாக்கெட்டில் அடைத்து விற்கிறவர்களுக்கு. சிலி தேசத்தில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ மிகுந்த பண்டத்தின் முகத்தில் கறுப்பு எண்கோண முத்திரை போட்டாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அது புரியும். மெக்ஸிகோவில் 2014 முதல் சர்க்கரைப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெஸோ என்று வரி போட்டார்கள். பக்கத்துக் கேரளத்திலேயே 2016இல் பர்கர், பீட்ஸா வகைகளுக்குப் பதினான்கரை சதவீத வரி போட்டுப் பார்த்தார்கள். மறு வருஷம் ஜி.எஸ்.டி. வந்து அதை விழுங்கிவிட்டது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஒரு வரைவு கொண்டுவந்தது. எச்சரிக்கை முத்திரை அல்ல, நட்சத்திரம்! சினிமாவுக்கு மார்க் போடுவதுபோல் சிப்ஸுக்கு நட்சத்திரம் போடுவதாம். அதிலும் முடிவு காணாமல், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலையிட்டுக் கெடு வைக்க வேண்டி வந்தது. ஒரு பனியனுக்குள் எத்தனை சதவீதம் பருத்தி என்பதைக் கழுத்துப் பட்டியில் தைத்தாக வேண்டும் என்று திருப்பூர்க்காரனிடம் வெளிநாட்டு வியாபாரி கண்டிப்பாகச் சொல்கிறான். உடம்புக்கு வெளியே போடுவதற்கு அவ்வளவு கறார். உள்ளே போடுவதற்குப் பொடி எழுத்து!

நாலாவது பங்கு நமக்கு. படித்த, நடுத்தர வர்க்கத்து நமக்கு. சினிமாவில் குண்டர் ஒருவர் நுழைந்தாலே சிரிக்க வேண்டும் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். எங்கள் எழுத்தாளர் கூட்டத்திலும் அந்த மலிவுச் சரக்குக்குக் குறைவில்லை. கேலிக்குப் பயந்தவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே தயங்குகிறார்கள். போனால் முதலில் கிடைப்பது திட்டு, மருந்து பிறகுதான். நம் கிழவர்கள் இவ்வளவு கொடுமைக்காரர்களாக இல்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று சொன்னார்களே, அதில் வசவு இருக்கிறதா? ஒருவனுக்கு ஒன்று, இன்னொருவனுக்கு இன்னொன்று என்று கையில் எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கொள்ளுக்குப் பேர்போன கொங்கு நாட்டிலேயே இன்று கேலி மலிவாகவும் கொள்ளு அருமையாகவும் போய்விட்டது.

உடம்பைப் பார்த்துக் குணத்தை எடை போடுகிறவர்களுக்கு இன்னொரு சேதி. 2004இல் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும், யூட்கின் என்ற ஆங்கில டாக்டரும் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு எடை என்ற குறியீடு இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடம்பில் உள்ள கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரியும் இந்தியனின் உள்ளேயே கொழுப்பு ஒளிந்திருக்கிறது. தாயின் வயிற்றில் போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்ததிலேயே அதன் வேர் இருக்கிறது என்பது யாக்னிக்கின் ஆராய்ச்சி காட்டும் வழி. பாட்டிக்குக் கிடைக்காத சோறு பேரனின் இடுப்பில் வந்து நிற்கிறது! இதில் பேரனின் மனவுறுதியை எங்கே தேடுவது? குண்டரைப் பார்த்துச் சிரிக்கும் ஒல்லிக்காரர் முதலில் தம் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளட்டும். 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்த நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர்.

"அப்படியானால் தனி மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. கையும் வாயும் அவனுடையவைதான். இரண்டாவது புரோட்டாவை வேண்டாம் என்று சொல்லும் சக்தி மனிதனுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் மனிதனையே அவமதித்ததாகும். என் கட்சி இதுதான்: பொறுப்பு என்பது சக்தியின் அளவுக்குத்தான் இருக்க முடியும். எட்டரை முதல் எட்டரை வரை தன் உடம்பின் மேல் அதிகாரம் இல்லாதவனிடம், மீதியிருக்கும் நேரத்துக்கு எவ்வளவு பொறுப்பைச் சுமத்துவீர்கள்? அதிகாரத்தில் பெரும் பங்கை வைத்துக்கொண்டிருப்பவர்கள் பொறுப்பிலும் பெரும் பங்கை ஏற்கட்டும். பிறகு அவனிடம் வாருங்கள்.

2025இல் பருமனைக் குறைக்கும் புதிய ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. சிலருக்கு அவை உயிர் காக்கும். அவற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் வந்தபோது அவற்றின் விலை மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய். ஒன்றரை ஷிப்டில் சேர்ந்த கொழுப்பைக் குறைக்க இன்னும் எத்தனை ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது?

செய்ய வேண்டியது என்ன என்று சொல்லாமல் பழி மட்டும் சொல்லிப் போவது அழகல்ல. பெரிய புரட்சி ஒன்றும் கேட்கவில்லை.

காண்டீனிலிருந்து தொடங்கலாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காண்டீன் வேண்டும் என்றது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அதை 100 பேர் என்று இறக்கியிருக்கிறது. ஆனால் சந்துக்குச் சந்து முப்பது மெஷினும் நாற்பது மெஷினுமாக ஜாப் ஒர்க் ஓடும் ஊரில் அந்த நூறும் பலருக்கு எட்டாது. அதனால் என்ன? கழிவு நீருக்குக் கூட்டுச் சேர்ந்தவர்கள் சோற்றுக்குக் கூட்டுச் சேரக்கூடாதா? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தத் தெரிந்த ஊருக்குப் பொதுச் சமையலறை நடத்தத் தெரியாதா? பத்துக் கம்பெனிக்கு ஒரு அடுப்பு. சுண்டல், முட்டை, கொள்ளு ரசம், களி, காய் போட்ட சாம்பார். சென்னையில் 2013இல் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் போட்டுக் காட்டிய நாடு இது. வழி தெரியாத விஷயமல்ல. கம்பெனி கொடுக்கும் டீ பேட்டாவைப் போண்டாவில் கொட்டாமல் அந்த அடுப்பில் போடலாம்.

ரேஷன் கூடையையும் மாற்ற வேண்டும். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். காங்கேயத்துத் தென்னைக்காரரின் பிழைப்புக்கு அது நியாயமான கோரிக்கை. இடுப்புக்கு அது போதாது. எந்த எண்ணெயானாலும் கிராமுக்கு ஒன்பது கலோரிதான்; உள்ளூர் எண்ணெய் என்பதற்காக உடம்பு தள்ளுபடி கொடுக்காது. எண்ணெயை மாற்றுவதைவிடப் பருப்பைக் கூட்டுவது முக்கியம். துவரையோடு கொள்ளும் பச்சைப்பயறும் வரட்டும். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே கொடுக்க முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எல்லாவற்றுக்கும் மேலாக வேலை நேரம். எட்டு மணி நேரத்துக்கு, எட்டு மணி நேர உழைப்பில் வாழக்கூடிய கூலி. உடனே முதலாளிகள் சொல்வார்கள்: "ஆர்டர் வங்காள தேசத்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடும்." சாயப்பட்டறையை மூடியபோதும் இப்படித்தான் சொன்னார்கள். கெட்டியான சட்டைக்குக் கறாராக விலை பேசத் தெரிந்தவர்கள், அதைத் தைக்கிறவரின் ஆயுளையும் அந்த விலையில் சேர்த்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும். தணிக்கைக்கு வரும் வெளிநாட்டு வியாபாரி தீயணைக்கும் கருவி சுவரில் தொங்குகிறதா என்று பார்க்கிறான். வேலைக்காரர்களின் வயதைப் பார்க்கிறான். அவனை ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு வாசலில் நிற்க வைத்து, வெளியே வருகிறவர்கள் எங்கே போய், என்ன சாப்பிடுகிறார்கள் என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

நாம் செய்ய வேண்டியது இதைவிடச் சின்னது, செலவே இல்லாதது. அடுத்த முறை பருமனான ஒருவரைப் பார்த்து உபதேசம் நாக்கு நுனிக்கு வரும்போது, அதை விழுங்கிவிடுங்கள். வாயைக் கட்டும் விரதத்தை நாம் அங்கே தொடங்கலாம். பிறகு, அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று மட்டும் கேளுங்கள்.